32 ஆல்பம், ஒரே கப்: பாட்டு நாக் அவுட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன கார்த்திகையில் ஆரம்பித்துத் தை கடைசிவரை 32 ஆல்பங்களை ஒன்றோடொன்று மோதவிட்டேன். நடுவர் நான் ஒருவன்தான். மைதானம், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் சீட். மடியில் ஒரு பழைய காலண்டர் அட்டை, அதன் பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். பக்கத்து சீட்காரர் முதலில் "என்னங்க, சீட்டு கட்டுறீங்களா?" என்றுதான் கேட்டார். விஷயம் தெரிந்ததும் பஸ் முழுக்கப் பரவியது. அப்புறம் டீக்கடை, கல்யாண மண்டபம், மச்சான் வீடு என்று எங்கே போனாலும் இதே கேள்விகள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"நாக் அவுட்னா கபடிக்குத்தானே வைப்பாங்க? பாட்டுக்கு எப்படிங்க?"

அதே கபடி முறைதான். நம்ம பக்கம் ஊர்த் திருவிழாவில் கபடி வைத்தால் டீம்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆடவிடுவார்கள். தோற்ற டீம் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்கும், ஜெயித்தது அடுத்த சுற்றுக்குப் போகும். இங்கே டீமுக்குப் பதில் ஆல்பம். இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 32 என்பது 16 ஆகும், பிறகு 8, 4, 2, கடைசியில் ஒன்று. டிரா கிடையாது, பாயிண்ட் கிடையாது.

"பிடிச்சது பத்து லிஸ்ட் போட்டா போதாதா? எதுக்கு இவ்ளோ மெனக்கெடுறீங்க?"

மாங்காய் சீசனில் மண்டிப் பக்கம் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். தரம் பிரிப்பவர் குவியலைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுப்பதில்லை. கையில் இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் பார்ப்பார், இது அந்தக் கூடைக்கு, அது இந்தக் கூடைக்கு, அவ்வளவுதான். நம் மனசுக்கும் அதுதான் சுலபம். 32 ஆல்பத்தை வரிசைப்படுத்து என்றால் தலை சுற்றும். இந்த இரண்டில் எது என்றால் பதில் வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். பிடித்த பத்து என்று உட்கார்ந்து எழுதினால் அதை எழுதுவது ஞாபகம். பத்து வருஷமாக முழுசாகக் கேட்காத ஆல்பத்துக்குக்கூட மூன்றாவது இடம் கொடுத்துவிடுவோம். இந்தப் போட்டியில் ஒரே ஒரு சட்டத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கேட்காமல் தீர்ப்பு இல்லை. "அதுதான் எனக்குத் தெரியுமே" என்று பேனாவை எடுத்தால் அந்த மேட்ச் செல்லாது.

"ஆல்பம் ஆல்பம்ங்கிறீங்களே, நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் படப் பாட்டுதானே?"

ஆமாம். நம் ஊரில் ஆல்பம் என்றால் படத்தின் பெயர்தான். அந்தச் சொல்லே போட்டோ ஆல்பம் மாதிரி வந்ததுதான். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம்தான் பிடிக்கும் என்பதால் பல தட்டுகளை உறை போட்டுப் புத்தகம் போல பைண்ட் செய்து விற்றார்கள். 1948ல் கொலம்பியா கம்பெனி நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்பி தட்டைக் கொண்டுவந்ததும் அந்தப் புத்தகம் முழுக்க ஒரே தட்டில் அடங்கிவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது.

நம் குழப்பம் கேசட் காலத்தில் வந்தது. ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று ஜோடி போட்டு விற்றதால் சம்பந்தமே இல்லாத இரண்டு படங்கள் நம் மனசில் இன்றைக்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என் விதி இது: ஒரு படம், ஒரு ஆல்பம். படம் இல்லாத ஆல்பமும் வரலாம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), ஏ.ஆர்.ரஹ்மானின் 'வந்தே மாதரம்' (1997) இரண்டும் என் 32க்குள் இருந்தன. யாரோ தொகுத்த 'சோகப் பாடல்கள்', 'மழைப் பாடல்கள்' வகைக்கு இடமில்லை.

"சாமி பாட்டு கேசட்டைச் சேர்த்துக்கலாமாப்பா?"

இதைக் கேட்டது என் அம்மா. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தை மனசில் வைத்துக் கேட்டார். நானும் தாராளமாக என்றேன். முதல் சுற்றில் எதோடு மோதும் என்று கேட்டார். சொன்னேன். "முருகனை எதோடடா மோதவிடுற" என்று அட்டையைத் தள்ளி வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமி பாட்டு போட்டிக்கு வெளியே.

"எத்தனை ஆல்பம் வேணும்? எனக்கு 24தான் தேறுது."

8, 16, 32, 64, இந்த எண்களில் ஒன்று இருந்தால் கட்டம் சுலபமாக வரும். 24 என்றாலும் கெட்டுப்போகவில்லை. அடுத்த பெரிய எண் 32, அதிலிருந்து 24ஐக் கழித்தால் 8. உங்களுக்கு மிகப் பிடித்த 8 ஆல்பத்துக்கு 'பை' (முதல் சுற்றில் ஆடாமலே தாண்டும் சலுகை) கொடுத்து நேரே இரண்டாம் சுற்றுக்கு அனுப்புங்கள். மிச்சம் 16 முதல் சுற்றில் மோதி 8 ஆகும். 'பை' வாங்கிப் போன 8ஐயும் சேர்த்தால் 16. எண்ணிக்கையை ரொப்புவதற்காகப் பிடிக்காததை உள்ளே தள்ளாதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்ற சட்டம் இருப்பதால் தண்டனை உங்களுக்குத்தான்.

"எவ்ளோ நாள் ஆகும்ண்ணா?"

32 ஆல்பம் என்றால் 31 மேட்ச். ஒவ்வொரு மேட்ச்சிலும் ஒன்று வெளியே போகும், கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டும், அதனால் கூட்டிப் பார்க்காமலே எப்போதும் ஒன்று குறைவு. மேட்ச்சுக்கு இரண்டு ஆல்பம் வீதம் 62 தடவை கேட்க வேண்டும். ஆல்பம் அரை மணி என்று வைத்தாலும் 31 மணி நேரம்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் 50 கிலோமீட்டர் சொச்சம். காலையில் ஒன்று, சாயங்காலம் திரும்பும்போது அதன் எதிரி. ஒரு நாளைக்கு ஒரு மேட்ச். காலையில் சூளகிரி தாண்டும்போது ஏ பக்கம் முடிந்திருக்கும். கணக்குப்படி ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். பொங்கல் லீவு, இரண்டு தடவை கேட்ட மேட்ச்கள், தூங்கிப்போன நாட்கள் எல்லாம் சேர்ந்து தை ஆகிவிட்டது.

"யார் யாரோட மோதணும்னு சீட்டு குலுக்கிப் போடலாமா?"

போடலாம். ஆனால் முதல் நாளே உங்களுடைய மிகப் பெரிய இரண்டு ஆல்பம் மோதி ஒன்று வீட்டுக்குப் போனால் எனக்கு போன் செய்து திட்டக் கூடாது. இதைத் தவிர்க்கத்தான் தர வரிசை. கேட்பதற்கு முன்பே, ஞாபகத்தை வைத்து, 1 முதல் 32 வரை உத்தேசமாக எண் போடுங்கள். ஞாபகத்துக்கு இந்தப் போட்டியில் இந்த ஒரு வேலைதான். முதல் சுற்றில் இரண்டு எண்ணும் சேர்ந்தால் 33 வர வேண்டும்: 1க்கு 32, 2க்கு 31, 5க்கு 28. முதலாவதும் இரண்டாவதும் அட்டையின் எதிரெதிர் பாதியில் இருக்கட்டும். கபடி நடத்துகிறவர்கள் உள்ளூர் டீமுக்குச் சுலபமான பாதி எப்படி விழ வைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதை நேர்மையாகச் செய்தால் அதற்குப் பெயர் தர வரிசை.

என் முதல் ஐந்து: தளபதி, சிந்து பைரவி, அலைபாயுதே, ரோஜா, மௌன ராகம். விருதைப் பார்த்து எண் போட வேண்டாம். சிந்து பைரவிக்குத் தேசிய விருது உண்டு. ரோஜா ரஹ்மானுக்கு முதல் படத்திலேயே தேசிய விருது வாங்கித் தந்தது, 2005ல் 'டைம்' இதழ் உலகின் சிறந்த 10 படப் பாடல் தொகுப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. எல்லாம் சரி. உங்கள் காலண்டர் அட்டைக்கு அதெல்லாம் தெரியாது.

"எண்ணிப் பார்த்தா இளையராஜா மட்டுமே இருபது வருது. பாதியை வெட்டணுமா?"

1976ல் அன்னக்கிளியில் ஆரம்பித்தவர், 1990ல் அஞ்சலிக்கு வரும்போது 500 படம். இருபது வருவதில் ஆச்சரியம் என்ன? வெட்டாதீர்கள். இது உங்கள் போட்டி. பொதுத் தேர்தல் மாதிரி தொகுதிப் பங்கீடு தேவையில்லை.

நான் ஒரு தடவை பத்தாண்டு வாரியாக நான்கு பகுதி பிரித்துப் பார்த்தேன். 80கள் பகுதியில் ரத்த ஆறு ஓடியது, 2010க்குப் பின் வந்த பகுதியில் எதிர்ப்பே இல்லாமல் ஒரு ஆல்பம் அரையிறுதிக்கு வந்து உட்கார்ந்தது. அதோடு அந்த யோசனையைக் கைவிட்டேன்.

"எங்க வீட்ல தெலுங்கு பேசுவோம், மாமியார் வீட்ல கன்னடம். அந்தப் பாட்டெல்லாம் வரலாமா?"

நம் மாவட்டத்தில் இதைக் கேட்காவிட்டால்தான் அதிசயம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் மூன்று மொழிப் பாட்டும் ஓடும். தாராளமாகச் சேருங்கள். 1983ல் வந்த கன்னடப் படம் பல்லவி அனுபல்லவி என் பட்டியலில் இருந்தது. மணிரத்னத்தின் முதல் படம், இசை இளையராஜா.

ஒரே ஒரு எச்சரிக்கை. மெட்டு ஒன்றாக இருந்து மொழி மட்டும் மாறினால் அது ஒரே ஆல்பம்தான். தெலுங்கு கீதாஞ்சலியையும் (1989) தமிழ் இதயத்தைத் திருடாதேயையும் இரண்டாகப் போட்டு மோதவிடாதீர்கள். எந்த மொழியில் முதலில் கேட்டீர்களோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எதை வச்சுங்க தீர்ப்பு சொல்றது?"

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மதிப்பெண் போடும் முறையை நானும் முயன்றேன்: மெட்டுக்குப் பத்து, வரிக்குப் பத்து, குரலுக்குப் பத்து. நான்காவது மேட்ச்சில் நானே எனக்குப் பிடித்த ஆல்பம் ஜெயிக்கிற மாதிரி மதிப்பெண்ணைத் திருத்திக்கொண்டிருந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை நமக்கு வேண்டாம்.

இப்போது பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, எத்தனை இடத்தில் கை தானாக 'அடுத்த பாட்டு' பட்டனுக்குப் போனது. போனை பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கேளுங்கள், கை போவது அப்போதுதான் நன்றாகத் தெரியும். இரண்டு, மறுநாள் காலையில் பல் விளக்கும்போது எந்த ஆல்பத்தின் இடையிசை வாயில் வருகிறது. பல்லவியைக் கணக்கில் எடுக்காதீர்கள், பல்லவி டீக்கடை ஸ்பீக்கரிலிருந்துகூட வந்து ஒட்டிக்கொள்ளும். சரணத்துக்கு முன்னால் வருகிற வயலினோ புல்லாங்குழலோ தானாக வந்தால், அந்த ஆல்பம் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படித்தான் திருடா திருடா (1993) என்னை ஏமாற்றியது. பத்தாவது எண் கொடுத்திருந்தேன். அதில் 'ராசாத்தி' பாட்டுக்கு வாத்தியமே கிடையாது. சாகுல் ஹமீது பாட, பின்னால் முழுக்க முழுக்கக் குரல்கள். டேப் ரெக்கார்டரில் கேட்ட காலத்தில் பின்னணி ஏதோ இரைச்சல் என்று விட்டிருந்தேன். ஹெட்போனில் அந்தக் குரல்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து நின்றபோது பஸ் எங்கே போகிறது என்று தெரியவில்லை. மறுநாள் குளியலறையில் நான் பாடியது பாட்டை அல்ல, பின்னால் வரும் அந்தக் கும்பலின் குரலை. காலிறுதியில் சிந்து பைரவியைச் சாய்த்துவிட்டது.

"ஒரு பாட்டு பிரமாதம், மத்ததெல்லாம் சுமார். அதை என்ன பண்றது?"

அந்த ஒரு பாட்டை எடுத்துவிட்டு மீதியைக் கேளுங்கள். குணாவை (1991) எடுத்துக்கொள்வோம். 2024ல் ஒரு மலையாளப் படத்தில் 'கண்மணி அன்போடு' திரும்ப வந்ததும் சின்னப் பையன்களெல்லாம் அதைப் பாடினார்கள். அதை ஒதுக்கிவிட்டுக் கேட்டால் 'பார்த்த விழி', 'உன்னை நானறிவேன்' இரண்டும் அப்படியே நிற்கின்றன. அதனால் குணா ஒரு சுற்று தாண்டியது. அப்படி எதுவும் நிற்காத ஆல்பங்கள் எவை என்று பெயர் சொல்ல மாட்டேன். ஊரில் நடமாட வேண்டும்.

"அஞ்சு பாட்டு ஆல்பத்தையும் ஒம்பது பாட்டு ஆல்பத்தையும் மோதவிட்டா நியாயமா?"

நியாயம்தான். ஒன்பது பாட்டு உள்ள அலைபாயுதேவுக்கு (2000) ஜெயிக்க ஒன்பது வாய்ப்பு, சறுக்கவும் ஒன்பது வாய்ப்பு. மௌன ராகத்தில் (1986) ஐந்தே பாட்டு. எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி இருவரும்தான் பாடகர்கள். எழுதியவர் வாலி ஒருவர்தான். ஐந்திலும் ஒரே வீட்டுக்குள் இருக்கிற உணர்வு வரும். முன்னே சொன்ன 'அடுத்த பாட்டு' சோதனையில் என் கை பாக்கெட்டைவிட்டு அசையவே இல்லை.

"பாட்டு கேக்கும்போது படம்தான் கண்ணுல ஓடுது. அதையும் சேர்த்து மார்க் போடலாமா?"

முடிந்தவரை வேண்டாம். ரஜினி நடந்து வந்தது, நதியா சிரித்தது எல்லாம் கேசட்டில் பதிவாகவில்லை. இதற்குச் சரியான மருந்து தளபதியிலேயே இருக்கிறது. 'புத்தம் புது பூ பூத்ததோ' கேசட்டில் உண்டு, படத்தில் கிடையாது. பார்க்கக் காட்சியே இல்லாத பாட்டு. அதைக் கேட்ட காதோடு மற்றதையும் கேட்டுப் பாருங்கள். பின்னணி இசையும் அப்படித்தான். ஆல்பத்தில் தனி டிராக்காக வந்திருந்தால், பம்பாய் படத்தின் தீம் மாதிரி, கணக்கில் வரும். இல்லாவிட்டால் வராது.

"சின்ன வயசுல கேட்டதுதான் எல்லா மேட்ச்சும் ஜெயிக்குது. போங்கு இல்லையா?"

கொஞ்சம் போங்குதான். பதின்ம வயதிலும் இருபதுகளிலும் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவில் நிற்கின்றன என்று மனவியல்காரர்கள் சொல்கிறார்கள், பாட்டும் அதில் அடக்கம். என் 32ல் 2001 முதல் வந்தவை ஆறுதான், மின்னலேயிலிருந்து ஆரம்பித்து. ஆறும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. என் மகளிடம் அட்டையைக் கொடுத்திருந்தால் கதை தலைகீழ்.

இதை முழுசாகச் சரிசெய்ய வழியில்லை, வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு சலுகை கொடுக்கலாம். புது ஆல்பத்தை மேட்ச்சுக்கு முன்னால் இரண்டு தடவை சும்மா கேட்டு வையுங்கள். பழைய ஆல்பம் முப்பது வருஷப் பயிற்சியோடு களத்துக்கு வருகிறது. புதுசுக்கு இரண்டு நாளாவது கொடுக்க வேண்டாமா?

"எந்தக் காப்பியில கேக்கணும்? என்கிட்ட பழைய கேசட்டே இருக்கு."

எதில் கேட்டாலும் இரண்டையும் ஒரே மாதிரியில் கேளுங்கள். சத்தம் கூடுதலாக ஒலிக்கும் பாட்டு காதுக்கு நல்ல பாட்டு மாதிரியே தோன்றும். புதுப் பதிவுகள் பெரும்பாலும் பழையதைவிடச் சத்தமாக இருக்கும். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்பில் சத்தத்தைச் சமப்படுத்தும் செட்டிங் ஒன்று இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காசு சேர்த்து சி-60 காலிக் கேசட் வாங்கி, ஊரில் இருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தேன். ஏ பக்கம் தளபதி, பி பக்கம் ரோஜா. சி-60யில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். தளபதியில் 'ராக்கம்மா', 'சுந்தரி' இரண்டுமே ஏழு நிமிஷப் பாட்டு, மொத்தம் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. கடைசியாகப் போட்டிருந்த 'காட்டுக்குயிலு' பாதியில் டேப் தீர்ந்து 'டக்' என்று நின்றது. லேபிளில் மட்டும் பச்சை இங்க்கில் எல்லாப் பாட்டும் வரிசையாக, அழகான கையெழுத்தில் இருந்தது. பல வருஷம் அந்தப் பாட்டை நான் அந்த இடம்வரைதான் பாடுவேன். அரையிறுதியில் தளபதியை முழுக் காப்பியில் கேட்டபோது அதே இடத்தில் என் காது அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தது. வரவில்லை. மிச்சப் பாட்டு யாரோ வேறொருவருடையது மாதிரி ஓடியது. தளபதி அங்கே தோற்றதற்கு அந்தக் கடைக்காரருக்கும் பங்கு உண்டு.

"நாங்க நாலு பேர் சேர்ந்து ஓட்டுப் போட்டு நடத்தலாமா?"

நடத்தலாம், ஐந்து பேராக்குங்கள். நான்கு என்றால் இரண்டுக்கு இரண்டு வந்து நிற்கும். ஓட்டைக் கை தூக்கிச் சொல்லாமல் சீட்டில் எழுதிப் போடுங்கள், இல்லையென்றால் சத்தமாகப் பேசுகிறவரின் ஆல்பம்தான் கப் வாங்கும். எல்லோரும் கேட்டார்களா என்பதுதான் சிக்கல். எங்கள் பஸ்ஸில் நடந்த ஒரு முயற்சியில் மூன்று பேர் கேட்காமலே ஓட்டுப் போட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

"கடைசியா கப் யாருக்குண்ணா?"

மௌன ராகத்துக்கு. ஐந்தாம் எண்ணில் ஆரம்பித்து மின்னலே, குணா, ரோஜா, தளபதி என்று வரிசையாகத் தாண்டி, இறுதியில் திருடா திருடாவைச் சந்தித்தது. இறுதி மேட்ச்சை மட்டும் இரண்டு நாள் வைத்தேன். முதல் நாள் ஒன்று முன்னால், மறுநாள் மற்றது முன்னால், கடைசியாகக் கேட்டதன் பக்கம் மனசு சாயக் கூடாது என்று. இரண்டு நாளும் ஒரே பதில்தான். 'மன்றம் வந்த தென்றலுக்கு' முடியும்போது பஸ் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. பாட்டு முடிகிறவரை இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஃபைனல்ல தோத்த திருடா திருடாதான் ரெண்டாவது பெஸ்ட்டா?"

இல்லை, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணக்கு வாத்தியார். டென்னிஸ் போட்டிகளில் இரண்டாம் பரிசு கொடுக்கும் முறையே தப்பு என்று 1883ல் கணக்குப் போட்டுக் காட்டினார். 32 பேரைக் குலுக்கிப் போட்டால் உண்மையான இரண்டாவது ஆள் எதிர்ப் பாதியில் விழ 31க்கு 16தான் வாய்ப்பு, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மற்ற நேரமெல்லாம் அவர் இறுதிக்கு முன்பே சாம்பியனிடம் மாட்டி வெளியே போயிருப்பார்.

தீர்வு சுலபம். இரண்டாவது சிறந்தது, சாம்பியனிடம் மட்டும்தான் தோற்றிருக்க முடியும். அதனால் சாம்பியனிடம் தோற்ற ஐந்தையும் தனியாக மோதவிட வேண்டும். நான்கு மேட்ச் கூடுதல், மொத்தம் 35. நான் செய்தேன்: மின்னலேயைக் குணா வென்றது, குணாவை ரோஜா, ரோஜாவைத் தளபதி, கடைசியில் திருடா திருடாவையும் தளபதியே வென்றது. இந்த முறை 'காட்டுக்குயிலு' முழுசாகக் காதில் இறங்கியது. பழகிவிட்டேன் போல.

"சிந்து பைரவியைத் திருடா திருடா ஜெயிச்சுது, அதை மௌன ராகம் ஜெயிச்சுது. அப்ப மௌன ராகம் சிந்து பைரவியைவிடப் பெருசா?"

இதைக் கேட்டவர் எங்கள் கம்பெனி அக்கவுண்டன்ட். விட மாட்டார். அவருக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அந்த இரண்டையும் மோதவிட்டேன். சிந்து பைரவி ஜெயித்தது. அதாவது மூன்றும் ஒன்றை ஒன்று வட்டமாகத் துரத்துகின்றன.

கூட்டமாக ஓட்டுப் போடும்போது இப்படி வட்டம் வரும் என்று பிரெஞ்சுக்காரர் கோண்டோர்சே 1785லேயே எழுதிவிட்டார். ஒரே ஆளுக்குள்ளும் வருகிறது, ஏனென்றால் ஒவ்வொரு ஜோடியிலும் காது வேறு எதையோ தேடுகிறது. சிந்து பைரவியை திருடா திருடாவோடு கேட்டபோது நான் கவனித்தது சத்தத்தின் புதுமையை. மௌன ராகத்தோடு கேட்டபோது கவனித்தது குரலை. சித்ராவின் 'பாடறியேன்' சபையில் மெதுவாக ஆரம்பித்து ஏறும் இடத்தில் மௌன ராகத்திடம் பதில் இல்லை. அக்கவுண்டன்ட் "அப்ப கப்பைத் திருப்பிக் கொடுங்க" என்றார். மேட்ச் நடந்த அன்று எது ஜெயித்ததோ அதற்குத்தான் கப். கபடியிலும் அப்படித்தான்.

"முதல் சுத்துல தோத்ததை மறுபடி சேர்க்கலாமா? பாவமா இருக்கு."

பாவமாக இருந்தால் அடுத்த வருஷம் நல்ல எண் கொடுங்கள். நடுவில் சேர்க்காதீர்கள்.

"அடுத்த வருஷமும் இதே 32ஆ?"

முதல் சுற்றில் தோற்ற 16ல் எட்டை மாற்றப்போகிறேன். நான்கு இடம் என் மகளுக்கு, அவள் சொல்லும் புது ஆல்பங்களை இரண்டு தடவை கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும் என்று இப்போதே லிஸ்ட் வாங்கிவிட்டேன். இரண்டு இடம் அக்கவுண்டன்ட்டுக்கு. மீதி இரண்டுக்கு இன்னும் ஆள் இல்லை. காலண்டர் அட்டை தயார். ரெக்கார்டிங் சென்டரில் வாங்கிய அந்த சி-60யும் பெட்டியில் கிடைத்தது, பேனாவை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், சுற்றுகிறது. டேப் ரெக்கார்டர்தான் வேலை செய்யவில்லை.